"படித்தேன்" என்று சொன்ன பக்கம்

சர்வரக்காவுக்கு வாடிக்கையாளர்கள் இருபத்து மூன்று பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து சர்வர் மெஷின் ஒன்றே ஒன்று. பல் டாக்டர், தையல் கடைக்காரி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், நாய் வைத்தியர், டைல்ஸ் கடைக்காரர் என்று ஆளுக்கொரு வெப்சைட். தனித்தனியாக மெஷின் வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் உலகத்திலேயே முக்கியமான சைட் தன்னுடையதுதான் என்பதில் மட்டும் இருபத்து மூன்று பேருக்கும் சந்தேகமே கிடையாது. பல் டாக்டரின் சைட் இரண்டு நிமிஷம் வராவிட்டால் தன் பல்லே விழுந்துவிட்டதுபோல ஃபோனில் அலறுவார். நாய் வைத்தியர் ஒருவர்தான் பொறுமைசாலி. கடி வாங்கிப் பழகியவர்.

பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்து அறையில், ஒரு இரும்பு அலமாரியில் அந்த மெஷின் இருந்தது. அதற்கு வெளியுலகத்தைப் பார்த்து ஒரே வாசல். வருகிற எவரும் அங்கே நின்று யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்ல வேண்டும். வாசலில் காவல் இருக்கிற புரோகிராமுக்கு ரிவர்ஸ் ப்ராக்சி என்று பெயர். அது பெயரைக் கேட்கும், தன் குறிப்பேட்டைப் பார்க்கும், உள்ளே எந்த எண்ணில் அந்த சைட் ஓடுகிறதோ அங்கே அனுப்பும். வந்தவர் எந்த இணைப்பிலிருந்து வந்தார் என்பதையும் ஒரு துண்டுச் சீட்டுபோல எழுதி உள்ளே கொடுத்துவிடும். உள்ளே இருப்பவை வெளியே தலைகாட்டுவதே இல்லை. வாசலைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. உள்ளே ஓடுகிற புரோகிராம்களை எழுதுவது தம்பியின் வேலை. எட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. தம்பி போய் இப்போது இரண்டு வருஷம்.

அவன் போன அன்று மத்தியானம் அக்கா தையல் கடையில் இருந்தாள். கையிலிருந்த ஃபோனிலேயே வாசல் குறிப்பேட்டைத் திறந்து ஏதோ மாற்றினாள், வாசலை ஒருமுறை மூடித் திறக்கச் சொன்னாள். மூடியது. திறக்கவில்லை. இருபத்து மூன்று சைட்டும் ஒரேயடியாகப் போய்விட்டன. பல் டாக்டர் முதலில் கூப்பிட்டார், அப்புறம் வரிசையாக எல்லோரும். அதற்கு முந்தைய மாதம்தான் மெஷின் ஒருமுறை அசையாமல் நின்று வேலை காட்டியிருந்தது. இதுவும் அதேதான் என்று அக்கா முடிவுகட்டினாள். வீட்டிலிருந்த தம்பியைக் கூப்பிட்டு, "மெஷின் தொங்கிடுச்சுடா, நேர்ல போய் அணைச்சுப் போடு" என்றாள். நல்ல மழை. தம்பி பைக்கை எடுத்தான். பாலத்து முனையில் லாரி.

மூன்று நாள் கழித்து அக்கா மெஷினைப் பார்த்தாள். மெஷினுக்கு ஒன்றுமே இல்லை. டைல்ஸ் கடையின் புது சைட்டுக்கு ஒரு சான்றிதழ் வர வேண்டியிருந்தது. சைட்டுக்கு அதுதான் சாவி. சாவி வருவதற்கு முன்னாலேயே அதன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டிருந்தாள். வாசல் புரோகிராம் அந்த விஷயத்தில் பிடிவாதக்காரன். இருபத்து மூன்று பேரில் ஒருவருடைய சாவி காணவில்லை என்றாலும் மொத்த வாசலையும் திறக்க மாட்டான். ஒரு வரியை அழித்தால் போதும். தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழித்திருக்கலாம்.

அந்த வரியை அழித்தாள். சைட்கள் எழுந்து வந்தன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும்.

அதற்குப் பிறகு வேறொரு காரியம் செய்தாள். இனி யாரும் எதையும் பார்க்க நேரில் ஓட வேண்டியதில்லை என்று ஒரு சின்னக் காவல் புரோகிராம் எழுதினாள். குறிப்பேட்டில் இருக்கிற ஒவ்வொரு பெயரையும் அது எடுக்கும், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும், பதில் வராவிட்டால் அவளுக்குச் செய்தி அனுப்பும். அந்தக் குறிப்பேட்டில் தம்பி தன் சோதனைகளுக்காக எழுதிவைத்த எட்டுப் பெயர்களும் இருந்தன. சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று எட்டு வரை. பதில் வராதவற்றுக்கு ஓயாமல் செய்தி வந்ததால் அவற்றை மட்டும் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைத்தாள். அழிக்கவில்லை. அவன் கைபட்ட எதையும் தொட அவளுக்குக் கை வரவில்லை.

வீட்டில் அவளும் அம்மாவும்தான். அம்மா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் பேச்சு என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது, சாவியை எடுத்துக்கொண்டாயா, குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். ஒருத்தி கூடத்தில் இருந்தால் மற்றவள் அறைக்குள் போய்விடுவாள். அம்மா தன்னைப் பழிக்கிறாள் என்று மகள் நினைத்தாள். நினைத்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பழிக்கட்டும், நியாயம்தானே.

மெஷினுக்கு வயதாகிவிட்டது. உள்ளே ஹார்டு டிஸ்க் தட்டு சுற்றும்போது நகத்தால் பலகையைச் சுரண்டுவதுபோலச் சத்தம் வர ஆரம்பித்தது. புது மெஷின் வாங்கியாயிற்று. எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ஒரு புதன்கிழமை காலை, அறையில் உட்கார்ந்து குறிப்பேட்டை வரிவரியாகப் படித்து, எது போக வேண்டும், எது வேண்டாம் என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். தம்பியின் சோதனைகள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் ஏழும் செத்துக் கிடந்தன. உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை என்று வாசல் கைவிரித்தது. எட்டாவது திறந்தது.

வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே வரி.

"வாடா. அம்மா எழுதியிருக்காங்க. படி."

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அறையில் மெஷினின் சுரண்டலைத் தவிரச் சத்தமே இல்லை. யார் யாரை வா என்கிறார்கள் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தம்பி முன்பு ஒருமுறை வெளிநாட்டில் பத்து மாதம் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தான். அவன் விழித்திருக்கிற நேரம் அம்மா தூங்குவாள், அம்மா விழித்திருக்கிற நேரம் அவன் தூங்குவான். அப்போது அம்மாவுக்காக ஏதோ பக்கம் செய்து கொடுத்தான் என்று கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான். இப்போது புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அம்மாவுக்கு பாஸ்வேர்டு நினைவிருக்காது என்று அவன் பாஸ்வேர்டே வைக்கவில்லை. சோம்பேறி. வாசல் கொடுக்கிற துண்டுச் சீட்டைப் பார்க்கும். வீட்டு இணைப்பிலிருந்து வந்தால் அம்மா. வேறு எங்கிருந்து வந்தாலும் அவன். அவன் திறந்த உடனே அம்மா எழுதியதற்குக் கீழே "படித்தேன்" என்று நேரத்தோடு விழும். உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் அந்தப் பக்கம் தெரியும், அப்புறம் என்ன பூட்டு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்திருப்பான்.

அக்கா பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். கடைசிக் கடிதம் அன்று காலை ஆறு நாற்பதுக்கு எழுதியது. அதன் கீழே: படித்தேன், ஆறு நாற்பத்து மூன்று.

இரண்டு வருஷத்துக் கடிதங்கள். எழுநூற்றுச் சொச்சம். ஒன்றுவிடாமல் எல்லாவற்றின் கீழும் "படித்தேன்".

பக்கத்தில் மேலே போனாள், அவன் போனதற்கு அடுத்த வாரத்துக்கு.

"எழுதக்கூடாதுன்னு தெரியும்டா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"உன் செருப்பு வாசல்ல அப்படியே கெடக்கு. எடுத்து வெக்கவான்னு அக்காகிட்ட கேக்க பயமா இருக்கு."

இப்படிப் பத்துப் பன்னிரண்டு. எல்லாம் வெவ்வேறு நாளில் எழுதியவை. ஆனால் அத்தனையும் ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில், பதினொன்று பதினெட்டுக்குப் படிக்கப்பட்டிருந்தன. அது அவள் காவல் புரோகிராமை ஓடவிட்ட நாள். அந்த நிமிஷம்தான் அது முதல்முறையாக எட்டாவது பெயருக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. வீட்டிலிருந்து வராத எதுவும் தம்பிதான் என்று அந்தப் பக்கம் நம்பியது.

அடுத்த நாள் காலைக் கடிதம்: "நேத்து வரைக்கும் எதையுமே படிக்கல. இன்னைக்குப் பாத்தா எல்லாத்தையும் படிச்சிருக்கே. எங்கடா இருக்கே?"

அதற்கு அடுத்த நாள்: "போனவங்களுக்கு வர்ற தபால் திரும்பிப் போயிடும்டா. நானே முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருக்கேன், எத்தனையோ. இது திரும்பி வரலையே."

நாற்பது நாள் அம்மா ஒரு பேயோடு பேசியிருக்கிறாள். சந்தோஷமாகவே பேசியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியின் சண்டை, வலது முழங்கால், மாடியில் காயப்போட்ட துணியைக் காற்று கொண்டுபோனது, எல்லாம். மகள் எதிர் அறையில் இருந்திருக்கிறாள். பிறகு ஒருநாள் தபால்காரப் புத்தி விழித்துக்கொண்டது.

"ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நான் எழுதறதை நீ படிக்காம விடு. ஒரு நாள் மட்டும். அப்போ நீதான்னு நம்பறேன்."

மறுநாள் எழுதியிருந்தது ஒரே சொல்: "படிக்காதே." மூன்றே நிமிஷத்தில் "படித்தேன்".

அன்றைக்கு மேல் அம்மா ஒரு வாரம் எழுதவில்லை. மறுபடி எழுதியபோது கடிதம் வேறு ஆளுக்குப் போனது.

"சரி. நீ அவன் இல்லை. வேற யாருக்கு இந்தப் பக்கம் தெரியும்? மெஷின் உன் கையில இருக்கு. நீதான்டி. காலைல எழுந்து முதல் வேலையா அம்மா என்ன எழுதினான்னு பாக்கறே. பாத்துட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி எதிர்ல உக்காந்து சாப்பிடறே. பரவாயில்லை. உனக்கும் நேர்ல பேச வரலை, எனக்கும் வரலை. இப்படியே இருக்கட்டும்."

அக்காவின் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டு படித்தாள். அதற்குப் பிறகான அறுநூற்றுச் சொச்சம் கடிதமும் அவளுக்கு. அவளுடைய இருமலைப் பற்றி, அவள் மெலிந்துவிட்டதைப் பற்றி, அவள் சாப்பிடாமல் கிளம்பிய நாள்களைப் பற்றி. நடுவில் இது:

"அன்னைக்கு அவன் மழை விடட்டும்மான்னு சொன்னான். நான்தான், அக்கா தவிச்சுக்கிட்டிருக்கா கெளம்புடான்னு விரட்டினேன். நீ கூப்பிட்டதாலன்னு நீ உருகிக்கிட்டிருக்கே. நான் அனுப்பினதாலதான் போனான். என்னை மன்னிக்க முடிஞ்சா இங்க ஒரு எழுத்து போடு. ஒரே ஒரு எழுத்து. எனக்குப் புரிஞ்சுடும்."

படித்தேன். நான்கு நிமிஷத்தில்.

மாதம் ஒருமுறை அம்மா கேட்டிருந்தாள். சில மாதம் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிஷத்துக்குள் "படித்தேன்" விழுந்தது, எழுத்து மட்டும் விழவில்லை. இரண்டு வருஷமாகத் தன் மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, மன்னிக்க முடியாது என்று தினமும் காலையில் வாயைத் திறக்காமல் சொல்கிறாள் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று காலைக் கடிதம் சின்னது. "இனிமே கேக்க மாட்டேன். நீ படிக்கிறியே, அது போதும்."

அக்காவுக்குச் சுலபமான வழி ஒன்று கண்ணெதிரே இருந்தது. பக்கத்தில் எழுதுகிற பெட்டியில் ஒரு எழுத்துப் போட்டால் முடிந்தது. அம்மா மறுநாள் காலை பார்ப்பாள், அழுவாள், தேறுவாள். யாரும் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியவே வேண்டாம். சாவி விஷயமும் தெரிய வேண்டாம். "அ" என்று அடித்தாள். அதைப் பார்க்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. மகன் பெயரில் மெஷின் ஒரு பொய் சொன்னது போதாதா, மகளும் சேர்ந்து சொல்ல வேண்டுமா? அழித்தாள். உண்மையைச் சொன்னால் அம்மாவிடம் மிச்சமிருக்கிற அந்த "போதும்" என்பதும் போய்விடும். சொல்லாவிட்டால் அம்மா மன்னிக்கப்படாதவளாகவே சாவாள்.

காவல் புரோகிராமில் எட்டாவது பெயரை நீக்கினாள். அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அம்மா கூடத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை நாளில் பதினொரு மணிக்கு மகள் வந்து நின்றதைப் பார்த்ததும் கை நின்றது.

"என்னடி, மெஷின் ஏதாவது போச்சா?"

"இல்லம்மா. அந்தப் பக்கத்தைப் பாத்தேன். தம்பி செஞ்சு கொடுத்தது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தினமும் பாக்கறதுதானே."

"இல்லம்மா. இன்னைக்குத்தான் பாத்தேன். இன்னைக்குத்தான் படிச்சேன்."

"பொய் சொல்லாதே. படித்தேன்னு வருதே."

"அது நான் இல்ல. சைட்டெல்லாம் உயிரோட இருக்கான்னு பாக்க ஒரு புரோகிராம் எழுதி வெச்சேன். அது போய்த் திறந்து பாத்திருக்கு. திறந்தாலே படிச்சதா விழற மாதிரி அவன் செஞ்சிருக்கான்."

அம்மா மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள்.

"அப்போ யாரு படிச்சது?"

"யாரும் இல்லம்மா."

"ரெண்டு வருஷமும்?"

"ஆமா."

அம்மா கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டாள். "தினமும் காலைல உன் வாசலுக்குத்தானேடி வந்தேன். வர்றவங்க யாருன்னு பாக்கறதுதானே உன் வேலை. ஒருநாள்கூட பாக்கலையா?"

பார்த்திருக்கலாம். ஒவ்வொரு வருகையும் வாசலில் பதிவாகிறது. வீட்டு இணைப்பின் எண் தினமும் ஆறு நாற்பதுக்கு அதில் இருந்தது. அவன் பெயரில் இருந்த பதிவைத் திறக்க அவளுக்கு தைரியம் இருக்கவில்லை, அதுதான் உண்மை.

"இன்னொண்ணும் இருக்கும்மா" என்று ஆரம்பித்தாள். நின்றால் சொல்ல மாட்டோம் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். "அன்னைக்கு மெஷின் நல்லாத்தான் இருந்தது. நான்தான் ஒரு சாவி வர்றதுக்கு முன்னாடியே அது பேரை எழுதி வெச்சுட்டேன். அதனால வாசல் திறக்கலை. ஒரு நிமிஷம் உக்காந்து பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். அவன் கெளம்பியிருக்கவே வேண்டாம். நீ அனுப்பினதால இல்லம்மா. போக வேண்டிய அவசியமே இல்லை."

"இதை எப்போ தெரிஞ்சுக்கிட்டே?"

"மூணாவது நாள்."

அம்மா துணிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழன், வெள்ளி. மேஜையில் சாப்பாடு மூடி வைத்திருக்கும், அம்மா இருக்க மாட்டாள். ஆறு நாற்பதுக்கு யாரும் வரவில்லை. இப்போது அக்கா பதிவைத்தான் முதலில் திறந்தாள். சனிக்கிழமை புது மெஷினுக்கு மாற்றம். காசு கொடுக்கிற வாடிக்கையாளர்களை எல்லாம் விட்டுவிட்டு முதலில் எட்டாவது சோதனையைத்தான் மாற்றினாள். எழுநூற்றுச் சொச்சம் கடிதமும் வந்து சேர்ந்தனவா என்று இரண்டு தடவை எண்ணினாள். அதற்குள் பல் டாக்டர் மூன்று முறை கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம், "ஒரு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க டாக்டர்" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

பழைய மெஷினை அணைத்ததும் அறை திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது. ஞாயிறும் யாரும் வரவில்லை. திங்களும் வரவில்லை. தான் சொல்லியிருக்கக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். தம்பியை ஒருமுறை அனுப்பினது போதாதென்று, அம்மாவிடம் மிச்சமிருந்த அவன் பக்கத்தையும் பறித்தாயிற்று.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து பதிவைத் திறந்தாள். வீட்டு இணைப்பு. ஆறு நாற்பது.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, ஒரு கடிதம் படிக்கப்படாமல் கிடந்தது. அக்கா திறந்தாள். பக்கம் வழக்கம்போல அவளைத் தம்பி என்று நினைத்து வாடா என்றது. இந்தமுறை அவள் எழுந்துகொள்ளவில்லை.

"ஏழு நாளா யோசிச்சேன். நீ சாவியை மறந்தே. நான் மழையில அனுப்பினேன். லாரிக்காரன் திரும்பிப் பாக்கலை. இதுல யாரை விட்டு யாரைப் பிடிக்கறது? உன்மேல கோபம் இருக்கு. இல்லேன்னு சொன்னா பொய். ஆனா அதைவிட பயமாத்தான் இருக்கு. ஆளே இல்லாத எடத்துல ரெண்டு வருஷம் பேசியிருக்கேன். இன்னொரு தடவை என்னால அது முடியாது. இதையும் நீ படிக்கிறியா, அதுவா படிக்குதான்னு எனக்குத் தெரியப்போறதில்லை. நீயா இருந்தா ஃபோன் பண்ணு. மெஷின் ஃபோன் பண்ணாது."

அம்மாவின் எண்ணை இரண்டு முறை தவறாக அழுத்தினாள். மூன்றாவது முறை மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"நான்தாம்மா."

"தெரியுது. பேசு."

அக்கா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. இரண்டு வருஷத்து அழுகை, நிற்க நேரமாகும். அம்மா ஃபோனை வைக்கவில்லை.